நடந்து போகிறவரைக் கண்டால் இறங்கிவிடுவார்

எங்கள் வார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாதிமார் எல்லாரையும் இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஆனாலும் பிரசவ வார்டில் "மிஸ்ஸி எங்க?" என்று யாராவது கேட்டால், அது அவரைத்தான் என்று எல்லாருக்கும் விளங்கும். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து மாம்புரியில் குடியேறியவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போய்விட்டாள். இப்போது மிஸ்ஸியும் ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார்.

நான் அதே வார்டில் ஊழியை. நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதிலிருந்து தரை கழுவுவது வரை என் வேலை. வீடு எத்தாளையில். மிஸ்ஸி மாம்புரியிலிருந்து கற்பிட்டிக்கு வரும் வழியில்தான் என் வீடு. பெற்றோல் இருந்த காலத்தில் அவர் தன் ஸ்கூட்டியில் போவார், நான் பஸ்ஸில் போவேன். அப்போது எங்களுக்குள் பெரிய பழக்கம் ஒன்றும் இல்லை. வார்டில் அவர் சொல்வார், நான் செய்வேன்.

மிஸ்ஸி பிறகு ஓடித் திரிந்த ஒற்றைச் சில்லு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் வருகிற மாதிரி ஒரு தடித்த சில்லு, ஒரே சக்கரம்தான். இரு பக்கமும் பாதம் வைக்கச் சிறிய பலகைகள். இருக்க ஆசனம் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. உள்ளே பெரிய பட்டரி. முன்னுக்குச் சாய்ந்தால் ஓடும், பின்னுக்குச் சாய்ந்தால் நிற்கும். அதைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக்காரர். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறவர்களுக்கு மிஸ்ஸி தன் முன்னறையை வாடகைக்கு விடுவார். அப்படி வந்து தங்கியவர் அவர். அவ்வளவு பெரிய பட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம். அதனால் இந்தச் சில்லு ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே இருப்பவரின் சில்லை இரவல் வாங்கி ஓடுவது, போகும்போது கொடுத்துவிட்டுப் போவது. இந்தக் கரையில் அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் தன்னுடையதைக் கப்பலில் போட்டு அனுப்பி, ஓடி முடித்து, மிஸ்ஸியின் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருடைய ஆட்கள் சிலர் வந்தார்கள். மிஸ்ஸி கதவைத் திறந்து சில்லை எடுத்துக் கொடுப்பார். அவர்கள் போன பின் மணலைத் துடைத்து, சார்ஜ் போட்டு வைப்பார். தான் அதில் ஏறிப் பார்த்ததே இல்லை.

பிறகு பெற்றோல் இல்லாமல் போனது. நாடு முழுக்க வரிசை. பஸ் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வெள்ளைக்காரரும் வரவில்லை. மிஸ்ஸி அந்த மனிதருக்குப் போனில் ஒரு செய்தி போட்டார்: வேலைக்குப் போக வழியில்லை, உங்கள் சில்லை நான் பாவிக்கலாமா? பதில் உடனே வந்தது. அது பயணம் போகிறவர்களுக்காக வைத்தது, நீங்களும் பயணம்தானே போகிறீர்கள் என்று.

ஐம்பதைத் தாண்டிய பெண் அதில் ஏறப் பழகியதை மாம்புரியே வேலிக்கு மேலால் பார்த்தது. உடுப்புக் காயப்போடும் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஏறுவார், விழுவார். பிறகு கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்த நாட்களில் முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு வார்டுக்கு வருவார். நாங்கள் கேட்டால், "மதில் கொஞ்சம் சொரசொரப்பு" என்பார். ஒரு காலையில் எங்கள் வீதியில் எல்லா நாய்களும் ஒன்றாகக் குரைத்தன. வெளியே வந்து பார்த்தேன். தலையில் ஹெல்மட், தோளில் பை, ஆம்பிளைக் காற்சட்டை, நிமிர்ந்த முதுகு. நின்றபடியே போய்க்கொண்டிருந்தார் மிஸ்ஸி.

அடுத்த நாள் நான் வேலைக்கு நடந்து போனேன். பாதி வழி போவதற்குள் பின்னால் அந்தச் சத்தம் வந்தது. என்னைத் தாண்டிப் போய், நின்று, இறங்கினார்.

"ஏறும்" என்றார்.

"அல்லாஹ்வே, எனக்கு ஏலா மிஸ்ஸி. நீங்க போங்க."

"அப்ப நடப்பம்."

சில்லின் மேலே இழுக்கிற பிடி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்து உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. வீதிக்குக் குறுக்கே மணல் ஓடியது. நான் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன், உங்களுக்கு நேரம் போகுது என்று. அவர் காது கொடுக்கவில்லை. இருவரும் பிந்தினோம். மேட்ரன் வாசலிலேயே நின்றார். "ஓடுற சாமான் வச்சிக்கிட்டும் லேட்டா?" என்று மிஸ்ஸியிடம் கேட்டார். மிஸ்ஸி, "ஓம், லேட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனார்.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். நான் ஏறமாட்டேன் என்றால் அவரும் ஏறமாட்டார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒவ்வொரு நாளும் "ஏறும்" என்பார், நான் மாட்டேன் என்பேன், "அப்ப நடப்பம்" என்பார். அவர் என்னால் பிந்துகிறார் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், என் வீட்டு முற்றத்தில், அபாயாவைக் கழற்றி வைத்து சல்வாரோடு நான் அதில் ஏறி நின்றேன். மிஸ்ஸி ஒரு பக்கம் பிடித்தார், என் வீட்டுக்காரர் மறுபக்கம் பிடித்தார். அவர் கடல் தொழில் செய்கிறவர். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையில் கிடந்த நேரம்.

"விழுந்து காலை ஒடச்சா ஆஸ்பத்திரிக்கு எதுல கொண்டு போற?" என்று கேட்டார் அவர்.

"இதுலதான்" என்றார் மிஸ்ஸி. "நீங்கள் பிடிக்கிறதை விடாதேங்கோ."

நான் நன்றாக ஓடினேன் என்று சொல்லமாட்டேன். நேரான வீதியில், காற்று இல்லாத நேரத்தில், கொஞ்சத் தூரம் போவேன். அது போதும் என்றார் மிஸ்ஸி. அதிலிருந்து எங்கள் பயண முறை இதுதான்: ஒருவர் சில்லில் முன்னுக்குப் போவார். கடையோ மதகோ ஏதாவது ஒரு அடையாளம் வந்ததும் அங்கே சாத்தி வைத்துவிட்டுத் தொடர்ந்து நடப்பார். பின்னால் நடந்து வருகிறவர் அதை எடுத்து ஓடி, முன்னால் நடப்பவரைத் தாண்டிப் போய், அடுத்த அடையாளத்தில் வைப்பார். இருவரும் பாதி ஓடுவோம், பாதி நடப்போம். ஒரே நேரத்தில் போய்ச் சேருவோம். களவு போய்விடாதா என்று முதலில் பயந்தேன். "கொண்டு போறதுக்கு அவனுக்கு ஓடத் தெரிய வேணுமே" என்றார் மிஸ்ஸி. ஒரு நாளும் போகவில்லை. கடைக்காரர்களே நிழலில் எடுத்து வைப்பார்கள்.

ஆனால் எனக்கு அவரிடம் எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. நான் ஒருத்தி என்றால் சரி, அவர் எல்லாருக்கும் இறங்கினார். சைக்கிள் காற்றுப் போய்த் தள்ளிக்கொண்டு போகும் மீன்கார நானாவுக்கு இறங்குவார். மரக்கறிச் சாக்கோடு போகும் பெண்களுக்கு இறங்குவார். ஏறச் சொல்வார், அவர்கள் சிரித்துக்கொண்டு மாட்டேன் என்பார்கள், உடனே சாக்கைச் சில்லின் மேல் வைத்து உருட்டிக்கொண்டு கூட நடப்பார். ஒரு தரம் அவர் யாரோடு நடந்தார் தெரியுமா? மாம்புரியில் அவருக்குப் பக்கத்து வளவுக்காரர். எல்லை வேலிப் பிரச்சினையில் மிஸ்ஸியைக் கண்டபடி ஏசி, பொலிசு வரை போன ஆள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மிஸ்ஸியும் சில்லை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். சந்தி வந்ததும் அந்த ஆள் வேறு வழியில் திரும்பினார், மிஸ்ஸி ஏறி ஓடி வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ்ஸி, ரோட்டுல நடக்கிற எல்லாருக்கும் நீங்க இறங்கினா இந்தச் சில்லு எதுக்கு?"

"எல்லாருக்கும் இல்லை. நாங்கள் போற பக்கம் போறவைக்கு மட்டும்தான்."

"அந்த ஆளுக்குமா?"

"அவரும் இந்தப் பக்கம்தானே போனவர்."

அவர் வன்னியிலிருந்து நடந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். அந்த நடையில் யாரையோ விட்டுவிட்டு வந்திருப்பார், அந்த நினைவுதான் இப்படி இறங்க வைக்கிறது என்று நானாக நினைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் மதகில் இருந்து தண்ணீர் குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப எங்களிட்டச் சைக்கிளே இல்லை, பிள்ளை. எல்லாரும் நடந்தம். இறங்கிறதுக்கு என்ன இருந்தது?" தண்ணீர்ப் போத்தலை மூடினார். "உமக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை வேணும். நடக்கிற ஆளைக் கடந்து போறது எனக்கு ஏலாமல் கிடக்கு. அவ்வளவுதான்."

பிந்தாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யார் யாருக்கு இறங்க வேண்டி வரும் என்று தெரியாது, ஆகவே முன்னுக்கே வெளிக்கிட வேண்டும். நான் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வரும்போது அவர் எங்கள் படலையில் நிற்பார். அதன் பிறகு மேட்ரனுக்கு ஒன்றும் சொல்ல இடம் வைக்கவில்லை.

இனி ஒரு காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் நெடுநேரம் கரண்ட் இல்லை. நுரைச்சோலை மின் நிலையத்தின் பெரிய புகைக்கூடு எங்கள் பக்கத்தில்தான் நிற்கிறது, எங்களுக்கு விளக்கு இல்லை. மிஸ்ஸி சில்லுக்குப் பாதிச் சார்ஜும் போட முடியாமல் வந்திருந்தார். எத்தாளையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் இருவரும் நடந்தே போனோம், பட்டரியைக் கடைசிப் பகுதிக்கு வைத்துக்கொள்வோம் என்று. அப்போது என் போன் அடித்தது. வார்டிலிருந்து. கண்டக்குழிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை கிடைத்த பின் இரத்தப் போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். இருந்ததை ஏற்றிவிட்டார்கள். அம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு புத்தளத்துக்குப் போயிருக்கிறது. என்னுடைய இரத்த இனமும் அதுதான் என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கெதியில் வர முடியும் என்று கேட்டார்கள்.

பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்ற இரண்டு வீடுகளில் கூப்பிட்டுப் பார்த்தோம். இரண்டிலும் டாங்கி காய்ந்து கிடந்தது. மிஸ்ஸி சில்லைத் தட்டி எழுப்பினார். பக்கத்தில் இருக்கும் சிறு விளக்குகளைக் குனிந்து பார்த்தார்.

"பட்டரி ஒராள் போகக் காணும். ஏறும்."

"நீங்க ஓடுங்க மிஸ்ஸி. நீங்கதான் வேகமா ஓடுவீங்க."

"நான் போய் என்ன செய்யிறது? என்ர ரத்தம் பி. அவளுக்குத் தேவை நீர்."

காற்று அன்று மோசமாக இருந்தது. அப்படிக் காற்றில் நான் ஒரு நாளும் ஓடியதில்லை. சொன்னேன். விழுந்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

"விழுவீர். எழும்பி ஏறும். விழுகிற நேரம் கையை ஊண்டாதையும், உருளும். ரத்தம் குடுக்கிற கை அது." தன் ஹெல்மட்டைக் கழற்றி என் முக்காட்டுக்கு மேல் வைத்து நாடிக்குக் கீழே பூட்டினார். "நேராத் தூரத்தைப் பாரும். என்னைத் திரும்பிப் பார்க்காதையும். பார்த்தா விழுவீர்."

ஏறினேன். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே ஓடிவந்தார். செருப்புச் சத்தம் கேட்டது, மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வாரில் இருந்த இழுவை இல்லாமல் போனது. விட்டுவிட்டார். யாரையும் வீதியில் விட்டுவிட்டுப் போகாதவர், அன்று என்னை முன்னுக்கு அனுப்பித் தான் பின்னால் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மணல் ஏறிக் கிடந்த இடத்தில் முதல் தரம் விழுந்தேன். முழங்கால் எரிந்தது. சில்லு தனியாக உருண்டு பற்றைக்குள் போய்க் கிடந்தது. இழுத்தெடுத்து ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டாம் தரம் விழுந்தது ஒரு நாயால். அதன் பிறகு பயம் போய்விட்டது. அவள் யார், எத்தனையாவது பிள்ளை, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் வார்டில் அந்தக் கட்டில் எப்படி இருக்கும் என்று தெரியும். எத்தனை தரம் அப்படிக் கட்டிலைக் கழுவியிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே முன்னுக்குச் சாய்ந்தேன்.

ஊர் தொடங்கும் இடத்தில் சில்லு பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பாதப் பலகையின் முன்பக்கம் உயர்ந்து என்னைப் பின்னுக்குத் தள்ளியது. இனி முடியாது என்று அது சொல்லும் விதம் அது. இறங்கி, அங்கே இருந்த தேநீர்க் கடை வாசலில் அதைச் சாத்தினேன். "மிஸ்ஸி வருவாங்க, குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ஹெல்மட்டைக் கழற்றவும் நினைவில்லை. இரத்த வங்கியில் இருந்தவர்தான் கழற்றினார்.

நான் இரத்தம் கொடுத்து முடித்து, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு நீள மர வாங்கில் சாய்ந்து இருந்தேன். வார்டிலிருந்து யாரும் வரவில்லை. நெடுநேரம் போன பிறகு தாழ்வாரத்தில் கரகர என்று ஒரு சத்தம். மிஸ்ஸி வந்தார். தலைமயிரெல்லாம் மணல். ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. மற்றக் கையில் உயிரில்லாத அந்தச் சில்லை இழுத்து வந்தார்.

"எத்தினை தரம்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

என் கையையும் முழங்காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி."

"கடையில விட்டுட்டு வந்திருக்கலாமே மிஸ்ஸி."

"நாளைக்கு வேலைக்கு வரவேணும்" என்றார். பிறகு வார்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கதவால் தலையை நீட்டினார். வெள்ளை உடுப்புப் போட்டிருந்தார். "நிண்டிட்டுது" என்றார். "நித்திரை கொள்ளுறாள். பிள்ளை கத்துது." நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் உள்ளே போய்விட்டார், அவருக்கு வேலை இருந்தது.

ஆஸ்பத்திரிக் கரண்டில் சொந்தச் சாமான் சார்ஜ் போடக்கூடாது என்று மேட்ரன் முன்பே சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் அவர் வார்டைச் சுற்றி வந்தபோது, துணி அடுக்கும் அறையில் சில்லு பச்சை விளக்கோடு நின்றது. மேட்ரன் அதைப் பார்த்தார், என் முழங்கால் கட்டைப் பார்த்தார். "மிஸ், அந்த வயரை ஓரமாப் போடுங்க. யாராவது தடக்கி விழப்போறாங்க" என்று மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அது அங்கேதான் நின்றது.

பெற்றோல் திரும்பி வந்தது. பஸ்கள் ஓடத் தொடங்கின. காற்றுக்கு ஆட்களும் வந்தார்கள். மிஸ்ஸி மறுபடியும் சில்லைத் துடைத்து அவர்களுக்குக் கொடுத்தார். ஒரு மாரி மழைக்கு முன் அந்த வெள்ளைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. தங்கள் ஆட்கள் இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் வந்து நிற்கிறார்கள், அங்கே சில்லு இல்லை, இதை அங்கே மாற்ற முடியுமா, இனி அங்கேயே இருக்கட்டும் என்று.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. "எங்களுக்கு இனி ஒண்டு வந்தா என்ன செய்ற? ஏலா எண்டு சொல்லுங்க மிஸ்ஸி."

"அது எங்கட இல்லை. இஞ்ச கொஞ்சக் காலம் நிண்டது. அங்க ரெண்டு பேர் நடந்து திரியினம்."

பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவிடலாம், அங்கே வந்து எடுப்பார்கள் என்று எல்லாரும் சொன்னோம். அதற்கும் மாட்டேன் என்றார். எங்கேயாவது மாறி இறக்கிவிட்டால் அந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று கேட்டார். லீவு எடுத்துக்கொண்டு தானே வெளிக்கிட்டார். புத்தளம் பஸ் நிலையம் வரை நானும் போனேன். முதல் பஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏற்ற மறுத்தார். இரண்டாவது பஸ்காரரும் மறுத்தார். மிஸ்ஸி சண்டை பிடிக்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டு, அதன் வாசலில் போய் நின்றார். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் சலித்துப்போய் ஏற்றச் சொன்னார். நான் வேலைக்குத் திரும்பினேன்.

மத்தியானம் போன் எடுத்தேன். "எங்க இரிக்கிறீங்க மிஸ்ஸி?"

"வவுனியா தாண்டிட்டம்."

"இருக்க சீட் கிடைச்சதா?"

"கிடைச்சது. மதவாச்சியில ஒரு வயசாளி ஏறினவ. இப்ப நிக்கிறன்."

"சில்லு?"

"அது டிரைவருக்குப் பக்கத்தில சுகமா இருக்கு."

அவருக்குப் பின்னால் யாரோ, இது என்ன சாமான் அக்கா என்று கேட்பது எனக்குக் கேட்டது. "பொறும் பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் அந்த ஆளிடம் திரும்பினார். போனை நிறுத்த மறந்துவிட்டார். பஸ் இரைச்சலுக்கு மேலால், ஒராள் ஓட வேணும், ஒராள் நடக்க வேணும் என்று அவர் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். தனிய இருக்கிற ஆள் என்ன செய்யிறது என்று கேட்டது அந்தக் குரல். போற வழியில ஆரும் நடப்பினம், பார்த்துக்கொண்டு போம் என்றார் மிஸ்ஸி. கழுவ வேண்டிய தரை எனக்கு முன்னால் கிடந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.